‘மின்ட் கண்டிஷன் சார்’னு சொன்னா நம்பலாமா? ஓசூர் எல்லையில் செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி: பார்க்க வேண்டியது என்ன?

ஓசூர் சிப்காட்டில் பழைய விஎம்சி மெஷின் ஒன்றை வாங்கப் போகிறவரைப் பாருங்கள். விற்பவர் ‘நல்ல கண்டிஷன் சார், ஒரே ஓனர்’ என்று சொன்னதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கரண்ட் கொடுத்து ஓட்டச் சொல்வார். ஸ்பிண்டிலில் டயல் வைத்து எத்தனை மைக்ரான் ஆடுகிறது என்று பார்ப்பார். பெயின்ட் புதுசாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

அதே ஆள், லைசென்ஸ் கையில் கிடைத்து துப்பாக்கி வாங்கக் கிளம்பினால் வேறு ஆளாகிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு போட்டோ, ‘இங்கிலீஷ் மேக், மின்ட் கண்டிஷன், பேரல் மிரர்’ என்று ஒரு வரி. அதை நம்பி அட்வான்ஸ் அனுப்பத் தயார். மெஷின் கெட்டிருந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். துப்பாக்கி கெட்டிருந்தால் விரலோ கண்ணோ போகலாம். பேப்பர் கெட்டிருந்தால் ஜெயில்.

பழைய துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1980களின் நடுவில் தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு கதவை அடைத்தது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்தவை மட்டும்தான் கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெப்ளி ஸ்காட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வால்தர் போன்ற பெயர்களுக்கு இங்கே கிடைக்கும் விலை, அவை பிறந்த ஊரிலேயே கிடைக்காது. புதுசாக வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகள்தான்: .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .315 ரைஃபிள், 12 போர் துப்பாக்கி. நம்ம திருச்சி தொழிற்சாலையிலேயே 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி தயாராகிறது.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற வரம்பு இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பராமரிக்க ஆர்வமில்லாத வாரிசுகளும் இருக்கிறார்கள். ஆக, விற்பனைக்கு வருகிற சரக்கில் நல்லதும் உண்டு, நாற்பது வருஷம் பீரோவுக்குள் துருப்பிடித்ததும் உண்டு.

முதலில் துப்பாக்கியைப் பார்க்காதீங்க, பேப்பரைப் பாருங்க

ஒரு துப்பாக்கியின் கண்டிஷனில் பாதி, அதை விற்பவர் யார் என்பதில் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-ன்படி துப்பாக்கி வியாபாரம் லைசென்ஸ் பெற்ற டீலர் மட்டுமே செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் லைசென்ஸ்தாரர், இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு நேரடியாக விற்க வழி உண்டு. ஆனால் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் முடிந்த பிறகுதான் துப்பாக்கி கைமாற வேண்டும். ‘சனிக்கிழமை வாங்க, கையோட எடுத்துட்டுப் போயிடலாம்’ என்று ஒரு தனிநபர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. பேரல் எப்படி இருந்தால் என்ன?

‘அப்பா தவறிட்டார், துப்பாக்கி வீட்ல சும்மா கிடக்கு’ என்பது அடிக்கடி கேட்கும் வசனம். லைசென்ஸ்தாரர் இறந்த அன்றே அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது பிரிவு 21. அப்படி ஒப்படைத்த பிறகு வாரிசு லைசென்ஸ் வாங்கி எடுத்துக்கொள்ளலாம், அல்லது முறைப்படி விற்கலாம். ஒப்படைத்த ரசீது இல்லாமல் வீட்டிலிருந்தே விற்கிறார் என்றால், அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், விஷயம் தெரியாமலும் இருக்கலாம். வாங்குகிற நீங்களும் மாட்டுவீர்கள்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சட்டவிரோதமாகத் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம்.

அப்புறம் நம்பர். விற்பவரின் லைசென்ஸில் எழுதியிருக்கும் நம்பரும் துப்பாக்கியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒரு எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். தயாரித்தவர் பெயரும் நம்பரும் இல்லாத துப்பாக்கியை விற்பதையே பிரிவு 8 தடுக்கிறது. நம்பர் இருக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, சுற்றியுள்ள இடமெல்லாம் பழசாக இருந்தால் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் தேசிய தரவுத்தளத்தின் தனி அடையாள எண், அதாவது யுஐஎன், இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பழைய லைசென்ஸ் இன்று செல்லாது.

விற்பவர் சொல்லும் வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

இனி கண்டிஷனுக்கு வருவோம். விளம்பர வரிகள் பெரும்பாலும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கும்.

‘ரொம்ப கம்மியா சுட்டது’ என்பார்கள். இந்தியாவில் அது பெரும்பாலும் உண்மை. இங்கே துப்பாக்கி சுட்டுத் தேய்வதைவிட சும்மா இருந்து கெடுவதே அதிகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தோல் உறைக்குள் வைத்தபடியே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தோல் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் இரும்பைத் தின்னும். திரும்பி வரும்போது மேலே துடைத்துப் பளபளக்கும், உள்ளே குழி விழுந்திருக்கும். அதனால் ‘எத்தனை ரவுண்ட் சுட்டிருக்கு?’ என்பதைவிட ‘எங்க, எதுல வச்சிருந்தீங்க? கடைசியா எப்ப எண்ணெய் போட்டீங்க?’ என்ற கேள்விக்குத்தான் உபயோகமான பதில் கிடைக்கும்.

‘பேரல் மிரர்’ என்பது இன்னொன்று. எண்ணெய் தடவினால் எந்தப் பேரலும் கண்ணாடிதான். உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லி, துப்பாக்கி காலி என்பதை உங்கள் கண்ணாலும் உறுதி செய்துகொண்டு, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக, ஒழுங்காகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் துருக்குழிகள். ஓரிடத்தில் மட்டும் நிழல் வளையமாகத் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது: எப்போதோ ஏதோ அடைத்துக்கொண்டு சுட்டிருக்கிறார்கள். அந்த ஒரு காரணம் போதும், வேண்டாம் என்று சொல்ல.

‘புதுசா புளூயிங் பண்ணியிருக்கோம்’ என்றால் நமக்குத் தெரிந்த கதைதான். பழைய லேத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த மாதிரி. எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, ஸ்க்ரூ ஓட்டைகளின் ஓரம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் துருவை எடுக்க நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்தது வெறும் அழகு இல்லை, குழலின் கனம்.

‘லாக் டைட்டா இருக்கு’ என்பதை ரெட்டைக்குழல் துப்பாக்கியில் கையாலேயே சோதிக்கலாம். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது. முன்கட்டையோடு பார்த்தால் ஆட்டம் தெரியாமல் போகும். மேலே உள்ள திறப்பு லிவர் நடுவைத் தாண்டி மறுபக்கம் போய் நின்றால், பூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் தலைமுடி அளவு விரிசல் இருக்கும், போட்டோவில் வரவே வராது.

நேர்மையாக எழுதுகிறவரும் உண்டு. ‘லேசான பிட்டிங் இருக்கு, வலது விசை கொஞ்சம் கனம்’ என்று குறையைச் சொல்கிறவரின் மற்ற வரிகளை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

‘இங்கிலீஷ் மேக்’ என்றால் சுடலாமா?

பெங்களூரு பக்கம் எஸ்டேட் வீடுகளிலும், கிருஷ்ணகிரி, தர்மபுரி பழைய மிட்டா குடும்பங்களிலும் நூறு வயதான இங்கிலாந்து, பெல்ஜியம் ரெட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்றும் இருக்கக்கூடும். அழகுக்குக் குறை இல்லை. ஆனால் இங்கேதான் உயிர் ஆபத்தே இருக்கிறது.

குழலின் மேல் பாம்புச் சட்டை மாதிரி, கோலம் மாதிரி நெளிநெளியாக வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் அல்லது ட்விஸ்ட் பேரல். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டிய குழல். கரிமருந்துக் காலத்தில் செய்தது. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தம் எழுந்து விழும் விதமே வேறு. ஒட்டு இடங்களுக்குள் துரு புகுந்திருந்தால் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டமாஸ்கஸ் என்றால் சுவரில் மாட்டத்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எஃகுக் குழலாக இருந்தாலும் அடியில் உள்ள முத்திரைகளின் போட்டோ கேளுங்கள். லண்டன், பர்மிங்காம் சோதனைக்கூடங்களும் பெல்ஜியத்தின் லியேஜ் கூடமும், அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்த பிறகே முத்திரை குத்தின. பர்மிங்காம் கூடம் 1813-ல் வந்தது. ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்ற சொற்களோ அதற்குரிய முத்திரையோ இல்லையென்றால், புகையில்லா மருந்துக்கு அது சோதிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பவர் மேல்தகட்டுச் சித்திர வேலையை எட்டு போட்டோ எடுத்து, அடியில் ஒன்றுகூட எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது அறை நீளம். பழைய இங்கிலாந்து 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்றைய தோட்டாக்களில் 70 மி.மீ. நீளமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், சுடாத தோட்டா வாய் மடிந்திருப்பதால் 65-க்குள் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். ‘தோட்டா ஈஸியா போகுது சார்’ என்பது சோதனையே இல்லை. முத்திரையில் உள்ள நீளமும் தோட்டாப் பெட்டியில் உள்ள நீளமும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த இடத்தில் ஓசூர்க்காரருக்கு ஒரு சௌகரியம். 12 போரின் பெயரளவு உள்விட்டம் .729 அங்குலம். பிரிட்டன் வழக்கப்படி முத்திரை குத்திய அளவிலிருந்து 10 தவ்வுக்கு மேல் விரிந்த குழல் சோதனைத் தகுதியை இழந்ததாகக் கருதப்படும். துருவை எடுக்க எத்தனை முறை உள்ளே தேய்த்தார்கள் என்பதை அந்த 10 தவ் சொல்லிவிடும். குழல் சுவர் மெலிந்த இடத்தில் 20 தவ்வுக்குக் கீழ் போனால் துப்பாக்கி மெக்கானிக்குகள் முகம் சுளிப்பார்கள். போர் கேஜ் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

ஆனால் ஒன்று: கேஜ் டீலர் கடைக்குப் போகலாம், துப்பாக்கி பட்டறைக்கு வரக் கூடாது. துப்பாக்கியை ரிப்பேர் செய்வதும், மாற்றுவதும், சோதிப்பதும்கூட லைசென்ஸ் தேவைப்படும் தொழில் என்று அதே பிரிவு 5 சொல்கிறது. ‘மச்சான், இந்த பின் உடைஞ்சிருக்கு, லேத்துல ஒண்ணு கடைஞ்சு குடு’ என்று சிட்கோவில் ஷெட் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டால், இருநூறு ரூபாய் வேலைக்கு அவரை ஆயுதச் சட்ட வழக்கில் இழுத்துவிடுகிறீர்கள். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. அதை வைத்து ‘நம்ம ஊர்ல இதெல்லாம் செய்யலாம்’ என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அனுமதி நிறுவனங்களுக்கு, தனித் தனி லைசென்ஸோடு. பட்டறைக்கு அல்ல.

பிஸ்டல், ரிவால்வர்?

ரிவால்வரில் சுத்தியை இழுத்ததும் உருளை ஒவ்வொரு அறைக்கும் நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். முன்பின் ஆட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அறை குழலோடு நேராக நிற்காவிட்டால் சுடும்போது ஈயம் பக்கவாட்டில் சிதறும். பிஸ்டலில் ஸ்பிரிங்கும் மேகசினும்தான் முதலில் போகும். அசல் மேகசின் இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய வெளிநாட்டு மாடலுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு.

9 எம்எம், .455, .303 எல்லாம் தடை செய்யப்பட்ட வகைகள். சாதாரண லைசென்ஸில் வராது. அதை ஒருவர் ‘பேப்பரோட’ தருகிறேன் என்றால் பேப்பரே போலி. பீகாரின் முங்கேர் கள்ளப் பட்டறைகளில் ‘மேட் இன் யுஎஸ்ஏ’, ‘மேட் இன் இத்தாலி’ என்று குத்தி வருபவை நாடு முழுக்கப் பிடிபடுகின்றன. சில சமயம் எழுத்துப்பிழையோடு. சமூக வலைதளத்தில் பேப்பர் இல்லாமல் விற்கிறேன் என்பவர் ஒன்று கள்ளத்துப்பாக்கி வியாபாரி, இல்லை அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் பேர்வழி. மூன்றாவது வகை கிடையாது.

‘தோட்டத்துக்கு வாங்க, சுட்டுக் காட்டுறேன்’ என்றாலும் போகாதீர்கள். சட்டமும் இடம் தராது. நிலை தெரியாத துப்பாக்கி வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

அத்திப்பள்ளி தாண்டினால் வேறு கணக்கு

ஓசூரில் வீடு, பெங்களூருவில் டீலர். ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். காய்கறிக்குப் போய் வருவது போல் இதற்குப் போக முடியாது. உங்கள் லைசென்ஸில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்ன என்று பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் அந்தத் துப்பாக்கி உங்கள் கையில் இருப்பதே மீறல். முதலில் மாவட்ட நிர்வாகத்தில் கேட்டு பகுதி நீட்டிப்போ, கொண்டுவரும் அனுமதியோ எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய பின் துப்பாக்கியைக் காட்டி, நம்பரை லைசென்ஸில் ஏற்றும் வரை வேலை முடியவில்லை.

‘குடகு துப்பாக்கி, அதுக்கு லைசென்ஸே வேணாம்’ என்று ஒரு பேச்சு எல்லையில் உலவுகிறது. பாதி உண்மை. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் விலக்கு அந்த மனிதர்களுக்கு, அந்த இரும்புக்கு அல்ல. அது உங்கள் கைக்கு வந்த நொடி சாதாரணச் சட்டம்தான்.

தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கும் துப்பாக்கிகள்

தளி, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் போனால் இந்த ‘கண்டிஷன்’ பேச்சே வேறு மாதிரி. ராகிக் கொல்லைக்கு யானை வரும், பன்றி வரும். காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் அவர்கள். வாய்வழி மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கு லைசென்ஸோடு வைத்துக்கொள்ள சட்டத்திலேயே, பிரிவு 13-ல், இடம் இருக்கிறது. ஆனால் கைமாறுகிற பலவற்றுக்கு லைசென்ஸும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. தண்ணீர்க் குழாய் இரும்பில் செய்த குழல், அளவில்லாத மருந்து. அதன் கண்டிஷனைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே அது எந்த அளவுக்கும் செய்யப்படவில்லை.

பயிரைக் காக்க என்று வாங்கினாலும் பன்றியைச் சுட முடியாது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு வெளியே வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம்தான். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டும். 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கி.மீ.க்குள் அதுவும் இல்லை. விவசாயி சுட்டால் வன உயிரினச் சட்டம் தனி, ஆயுதச் சட்டம் தனி.

கிருஷ்ணகிரி மாவட்ட மலைக் கிராமங்களில் காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது கூட்டம் போட்டு, குறிப்பிட்ட நாளுக்குள் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வதுண்டு. தாமாக முன்வந்து கொடுப்பவர்கள் மீது வழக்கு இல்லை என்று அப்போது உறுதி சொல்வார்கள். வெட்கப்பட்டோ பயந்தோ நேரில் வராமல், ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அடுத்த அறிவிப்பு வரும்போது வீட்டுப் பரணில் இருப்பதை ஊர்ப் பெரியவர் மூலமாகவாவது கொடுத்துவிடுங்கள். நாள் முடிந்த பிறகு சோதனையில் கிடைத்தால் அந்த உறுதி பொருந்தாது.